வானில் எழுவர், கீழே ஒரு நகரம்

எங்கள் ராஜகுளத்தில் மாதம் ஒருமுறை கூடும் சேவைச் சங்கத்தார் நல்லவர்கள். கண் சிகிச்சை முகாம், ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று தம்மால் இயன்றதைச் செய்து வருபவர்கள். அவர்களுடைய கூட்டத்தில் யாரேனும் ஒரு சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் பேசுவது வழக்கம். அண்மையில் அவ்வாறு பேச வந்தவர் விமானப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. அவர் எடுத்துக்கொண்ட பொருள், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த வீரர்களின் வாழ்வு. அரிசி ஆலைக்காரர்களும் பட்டுத் தறிக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களுமாய் அமர்ந்திருந்த அவையில், உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது எதற்கு என்ற முகக்குறி முதலில் தென்பட்டது உண்மை. பத்து நிமிடத்தில் அது மறைந்துவிட்டது.

பேச்சு முடிந்ததும் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, விமானத்தில் இருந்த ஏழு பேரைப் பற்றிச் சொன்னீர்கள். கீழே இருந்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டார். அதிகாரி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு முன்வரிசையில் இருந்த என்னைக் காட்டி, "அதை ஃபாதர்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

எனக்கோ கைவசம் ஒரு கதை இருந்தது. லெனர்டு செஷயர் என்னும் ஆங்கிலேயக் குண்டுவீச்சு வீரர் நாகசாகியின் மீது அணுகுண்டு விழுவதைக் கண்ணால் கண்டார். அந்தக் காட்சியால் மனம் உடைந்தார். போரை வெறுத்து, கத்தோலிக்கராகி, ஊனமுற்றோருக்கு இல்லங்கள் அமைத்தார். இதை நான் மூன்று பங்குகளில், தவக்காலத்து மறையுரைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றும் சொன்னேன். அவை கைதட்டியது. மாணவரும் அமர்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்து சுண்டலும் தேநீரும் வந்தபோது அதிகாரி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார். "ஃபாதர், வருத்தப்படக் கூடாது. செஷயர் அப்படிச் சொன்னதே இல்லை. கடைசி வரைக்கும் மறுத்துக்கொண்டே இருந்தார்" என்றார்.

வீடு திரும்பியதும் நூல்களைப் புரட்டினேன். அதிகாரி சொன்னதே சரி. இக்கட்டுரை அந்த மாணவருக்கு நான் பட்ட கடன்.

முதலில் மேலே இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களுள் 55,573 பேர் மாண்டனர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர். சராசரி வயது இருபத்திரண்டையொட்டி இருந்தது. எவரும் கட்டாயத்தால் விமானம் ஏறவில்லை. அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். முப்பது முறை பறந்து திரும்பினால் ஒரு சுற்று முடிந்ததாகக் கணக்கு. அந்த முப்பதை எட்டாமலே போனவர்கள் பலர்.

ஹாலிஃபாக்ஸ், லங்காஸ்டர் போன்ற பெரிய விமானத்தில் ஏழு பேர் இருப்பர். ஓட்டுபவர், இயந்திரப் பொறியாளர், திசை கணிப்பவர், குண்டுக்குக் குறி பார்ப்பவர், கம்பியில்லாத் தந்தியை இயக்குபவர், முதுகிலும் வாலிலுமாகத் துப்பாக்கிக் கூண்டுகளில் இருவர். வாலில் இருப்பவர் ஏழெட்டு மணி நேரம் தனியே, பின்னோக்கி அமர்ந்து, இருட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இருபதாயிரம் அடி உயரத்துக் குளிரில் மின்சாரத்தால் சூடேற்றிய உடையை அணிந்தும் விரல்கள் மரத்துவிடும். திரும்பி வந்தவர்களுக்குப் பன்றி இறைச்சியும் முட்டையும் கிடைக்கும். பங்கீட்டுக் காலத்து இங்கிலாந்தில் முட்டை ஓர் ஆடம்பரம். இனி என்னால் பறக்க இயலாது என்று சொல்லிவிட்டவனின் ஆவணத்தில் மன உறுதி அற்றவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள். இருபத்தைந்து முறை பறந்தவனுக்கும் அதே முத்திரைதான். இதை அதிகாரி சொன்னபோது அவர் குரல் தழுதழுத்ததைக் கவனித்தேன்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. அரசாங்கத்துக்குப் போர்நிதி திரட்டித் தந்த மாகாணங்களின், குடியேற்ற நாடுகளின் பெயர்களைப் பிரிட்டனின் விமானப் படைப்பிரிவுகள் சிலவற்றுக்குச் சூட்டினார்கள். அவ்வகையில் 35-ஆம் படைப்பிரிவு 'சென்னை மாகாணப் படைப்பிரிவு' எனப் பெயர் பெற்றது. 102-ஆம் படைப்பிரிவு 'சிலோன் படைப்பிரிவு' ஆயிற்று. இரண்டுமே குண்டுவீச்சுப் பிரிவுகள்.

அந்த நிதி திரட்டப்பட்ட காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1939 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகிவிட்டது. ஆளுநர் ஆர்தர் ஹோப் சட்டமன்றம் இன்றியே ஆண்டுவந்தார். 1940 அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். இப்போருக்கு ஆளும் பணமும் கொடுப்பது தவறு என்று தெருவில் நின்று சொன்னதற்காக மனிதர்கள் சிறை சென்றார்கள். இராஜாஜியும் அவ்வாண்டு டிசம்பரில் கைதானார். அதாவது, நம் மாகாணத்தின் பெயரை ஒரு குண்டுவீச்சுப் படைக்குக் கொடுக்கலாமா என்று நம் பெரியவர்கள் யாரையும் எவரும் கேட்கவில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு இத்தனை ஆடு கொடுத்தவர் இன்னார் என்று பெயர் பொறித்திருக்கிறது. எங்கள் உத்திரமேரூர்க்காரர்களுக்குக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுத்தவனுக்குத் தன் கொடை எங்கே எரிகிறது என்று தெரிந்திருந்த காலம் அது.

35-ஆம் படைப்பிரிவு 1942 ஆகஸ்டில் 'பாதை காட்டும் படை'யில் சேர்க்கப்பட்டது. நூற்றுக்கணக்கான விமானங்கள் வருமுன் முதலில் சென்று, எரிய வேண்டிய இடத்தின் மேல் வண்ண ஒளிக்கற்றைகளைப் போட்டு அடையாளம் இடுவது அப்படையின் வேலை. சிவப்பும் பச்சையுமாய்ப் பூத்து மெல்ல இறங்கும் அந்த ஒளியைக் கீழே இருந்த ஜெர்மானியர் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று அழைத்தார்கள். 1943 ஜூலை இறுதியில் ஹம்பர்க் நகரம் தீப்புயலில் எரிந்தபோது ஏறத்தாழ 37,000 பேர் மாண்டனர். அப்போது முன்னே சென்று ஒளி காட்டிய விமானங்களில் நம் மாகாணத்தின் பெயர் தாங்கியவையும் இருந்தன.

குண்டுக்கு அஞ்சுவது எப்படிப்பட்டது என்பதை நம் மக்களும் அறிந்திருந்தார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. அன்று காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. வண்டி கிடைத்தவர் வண்டியிலும் கிடைக்காதவர் கால்நடையாகவும் ஊர்ப்புறங்களுக்கு வந்து சேர்ந்தனர். ஏப்ரல் 9-ஆம் நாள் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிச் சென்று தாக்கின. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் அழிந்தன. 1943 அக்டோபரில் சென்னையின் மேலும் ஒரு தனி விமானம் வந்து குண்டு வீசிப் போயிற்று. அரக்கோணத்தில் இன்று கடற்படையின் ராஜாளி தளம் இருக்கும் இடத்தில் போர்க்காலத்திலேயே ஓடுதளம் அமைக்கப்பட்டது. புனித தோமையார் மலையடியில் இருந்து 1944-இல் லிபரேட்டர் விமானங்கள் நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல்மேல் பறந்தன. திருத்தூதர் செபித்த மலையென நாம் திருப்பயணம் போகும் அந்த இடத்தின் மேலேயே அவை ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

இனி செஷயருக்கு வருவோம். 1917-இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். முதலில் பறந்தது 102-ஆம் படைப்பிரிவில். 1941 தொடக்கத்தில் 35-ஆம் படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார். சிலோன், சென்னை மாகாணம் என்று பெயர் தாங்கிய இரு பிரிவுகளிலும் பறந்தவர், பின்னாளில் நம் நாட்டிற்கு வேறு வேலையாக வந்தார் என்பதை நினைக்கும்போது இறைவனின் திட்டத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. நூறு முறை பறந்த பின் 1944 செப்டம்பரில் விக்டோரியா சிலுவை விருது பெற்றார்.

அவர் வாழ்வில் என்னை அதிகம் நிறுத்திய இரவு 1944 பிப்ரவரி 8. பிரான்சின் லிமோஜ் நகரில் ஜெர்மானியருக்கு விமான இயந்திரம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலையைத் தாக்க வேண்டும். இரவுப் பணியில் இருந்தவர்கள் பிரெஞ்சுப் பெண்கள். செஷயர் தன் விமானத்தைத் தொழிற்சாலையின் கூரைக்கு மேல் மிகத் தாழ்வாக மூன்று முறை ஓட்டி, அவர்கள் வெளியே ஓடுவதற்கு நேரம் கொடுத்தார். அதன் பிறகே அடையாள ஒளியைப் போட்டார். எதிரி விழித்துக்கொள்வான், தன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே இதைச் செய்தார்.

மறுநாள், பிப்ரவரி 9 அன்று, லண்டனில் பிரபுக்கள் அவையில் சிச்செஸ்டரின் ஆங்கிலிக்கன் ஆயர் ஜார்ஜ் பெல் எழுந்து, நகரங்களை முழுமையாக அழிக்கும் குண்டுவீச்சை எந்த நியாயத்தால் நடத்துகிறீர்கள் என்று அரசைக் கேட்டார். தொழிற்சாலையைத் தாக்குவது வேறு, நகரத்தையே தாக்குவது வேறு என்பது அவர் வாதம். அவரை ஆதரித்துப் பேசியவர்கள் மிகச் சிலர். கண்டர்பரி பேராயர் பதவி அவருக்குக் கிடைக்காமல் போனதற்கு இந்தப் பேச்சே காரணம் என்று கருதுவோர் உண்டு. அதே ஆண்டில் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் ஃபோர்டு ஓர் இறையியல் ஏட்டில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, குற்றமற்ற பொதுமக்களைக் குறிவைக்கும் அழிப்புக் குண்டுவீச்சு ஒழுக்கநெறிக்கு மாறானது என்று எழுதினார். குருமடத்தில் ஒழுக்கநெறி இறையியல் வகுப்பில் எங்களுக்கு 'இரட்டை விளைவு' நெறியைக் கற்பித்தார்கள். நல்ல செயல் ஒன்றின் பக்கவிளைவாகத் தீமை நேரலாம். ஆனால் அத்தீமையையே கருவியாகக் கொண்டு நன்மையைத் தேடக் கூடாது. லிமோஜ் நகருக்கு மேல் செஷயர் அந்நெறியை ஏட்டில் படிக்காமலே கடைப்பிடித்தார் என்று தோன்றுகிறது. ஹம்பர்க்கைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

1945 ஆகஸ்ட் 9. செஷயர் அன்று பிரிட்டனின் பார்வையாளராக உடன்சென்ற விமானங்களுள் ஒன்றில் இருந்தார். அந்த விமானம் மற்ற இரண்டையும் குறித்த இடத்தில் சந்திக்கத் தவறியது. ஆகவே அவர் வெடிப்பை அருகிலிருந்து பார்க்கவில்லை. பல மைல் தொலைவிலிருந்து எழும்பும் மேகத்தைத்தான் பார்த்தார். நகரம் அழிவதைக் கண்ணால் கண்டார் என்று நான் இத்தனை ஆண்டுகளாய்ச் சொன்னதில் முதல் பிழை இதுவே.

இரண்டாவது பிழை பெரிது. அணுகுண்டு தவறு என்று அவர் சொல்லவில்லை. போரை அது விரைந்து முடித்தது, அதனால் மேலும் இலட்சக்கணக்கான உயிர்கள் தப்பின என்பது அவர் கருத்து. 1985-இல் ஒரு நூலே எழுதி அதை விளக்கினார். தம் பணிகள் நாகசாகியின் குற்ற உணர்விலிருந்து பிறந்தவை என்று பத்திரிகைகள் எழுதியபோதெல்லாம் மறுத்தார். அப்படியானால் அவரை மாற்றியது எது?

ஒரு நோயாளி. 1948-இல் செஷயர் கையில் பணமில்லாமல், லே கோர்ட் என்னும் பெரிய பழைய வீட்டில், எடுத்த முயற்சிகள் தோற்ற நிலையில் இருந்தார். முன்னாள் விமானப் படை வீரர் ஆர்தர் டைக்ஸ் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவருக்குப் போக இடமும் இல்லை. செஷயர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்தார். செவிலியர் பயிற்சி எதுவுமின்றித் தாமே குளிப்பாட்டினார், படுக்கை மாற்றினார், மலசலம் எடுத்தார். டைக்ஸ் விசுவாசத்தை விட்டு விலகியிருந்த கத்தோலிக்கர். அந்நாட்களில் மீண்டும் அருட்சாதனங்களுக்குத் திரும்பி, ஆகஸ்ட் மாதத்தில் அமைதியாக இறந்தார். அவர் இறந்த இரவில் செஷயர் படித்த ஒரு நூல், ஆங்கிலிக்கனாயிருந்து கத்தோலிக்கரான ஒருவருடையது. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவர் திருச்சபையில் சேர்ந்தார். டைக்ஸ் படுத்திருந்த வீடு முதல் செஷயர் இல்லமாயிற்று. 1950-களின் நடுவில் மும்பை அந்தேரியில் அவருடைய இல்லம் எழுந்தது. பிறகு டேராடூனில், கோவையில், சென்னையில் என்று நம் நாட்டில் பல. 1959-இல் அவர் சூ ரைடரை மணந்ததும் மும்பையில்தான்.

நான் சொல்லிவந்த கதையைவிட இது சிறியது. ஒரு நகரத்தின் அழிவுக்குப் பதிலாக ஒரு மனிதனின் மலசலம். மறையுரைக்கு முந்தையது வசதியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்பவர் கண்ணில் நீர் வரும். ஆனால் உண்மை இதுவே.

அப்படியானால் கீழே இருந்தவர்கள்? அன்று ஆகஸ்ட் 9-இல் முதல் இலக்கு கொக்குரா நகரம். மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அங்கும் மேகம். கிடைத்த இடைவெளியில் போட்ட குண்டு, குறித்த இடத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் விலகி, உராகாமிப் பள்ளத்தாக்கின் மேல் 11 மணி 2 நிமிடத்துக்கு வெடித்தது. உராகாமி ஜப்பானியக் கத்தோலிக்கரின் தாய்வீடு.

அவர்கள் யார்? முத்துக்குளித்துறையில் நம் முன்னோருக்கு மறைக்கல்வி கற்பித்து, 1545-இல் மயிலையில் தோமையாரின் கல்லறையருகே செபித்துத் தங்கியிருந்த புனித சவேரியார், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்பு நாளில் ஜப்பான் மண்ணில் கால் வைத்தார். அவர் ஊன்றிய விதையிலிருந்து முளைத்தவர்கள். 1614-இல் மறை தடை செய்யப்பட்டபின் இருநூற்றைம்பது ஆண்டுகள் குருக்கள் இன்றி, திருப்பலி இன்றி, திருமுழுக்கையும் செபத்தையும் மட்டும் வீட்டுக்குள் காத்தவர்கள். 1865-இல் ஓர் பிரெஞ்சுக் குருவிடம் தம்மை வெளிப்படுத்திக்கொண்டதற்குப் பரிசாக ஊரோடு நாடு கடத்தப்பட்டவர்கள். திரும்பி வந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செங்கல் செங்கலாய் உழைத்து 1925-இல் கோபுரங்களும் கொண்ட பேராலயத்தை எழுப்பியவர்கள். குண்டு வெடித்த நேரத்தில், வரவிருந்த விண்ணேற்புப் பெருவிழாவுக்காக இரு குருக்கள் அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெடிப்பின் மையத்திலிருந்து ஐந்நூறு மீட்டர். குருக்களும் வரிசையில் இருந்தவர்களும் ஒருவரும் மிஞ்சவில்லை. உராகாமிப் பங்கின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர்.

குண்டைச் சுமந்த விமானத்தை ஓட்டிய சார்லஸ் ஸ்வீனியும் கத்தோலிக்கர். இதைப் பலர் ஏளனமாகச் சொல்வார்கள். எனக்கு ஏளனம் வரவில்லை. அவர்கள் எல்லாரும் எந்தக் கோயிலிலோ முழந்தாளிட்டவர்கள். அவர்களுக்கு நற்கருணை கொடுத்த குருக்களும் இருந்தார்கள். அவ்வாறான குருக்களுள் ஒருவர் ஜார்ஜ் ஜபெல்கா. டினியன் தீவில் அந்த அணுகுண்டுப் படைப்பிரிவின் கத்தோலிக்கருக்கு ஞானப் பணியாளராக இருந்தவர். நகரங்கள் எரிவதைப் பற்றி அப்போது ஒரு வார்த்தையும் தாம் சொல்லவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து உணர்ந்தார். வெளிப்படையாக அறிக்கையிட்டார். பின்னாளில் ஜப்பானுக்குச் சென்று, உயிர்தப்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நான் செஷயருக்குச் சூட்டிய மனமாற்றம் உண்மையில் இந்தக் குருவுக்கு உரியது. வீரனின் மனமாற்றத்தைச் சொல்ல எனக்கு இனித்தது. குருவின் மௌனத்தைச் சொல்ல நா எழவில்லை போலும்.

1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், நகரங்களையும் பரந்த நிலப்பகுதிகளையும் அவற்றின் மக்களோடு சேர்த்து அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று தயக்கமின்றிக் கண்டித்தது. ஆயர் பெல்லும் தந்தை ஃபோர்டும் தனியே நின்று சொன்னதை இருபது ஆண்டுகள் கழித்துப் பொதுச்சங்கமே சொல்லிற்று. இந்தப் போதனையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். செஷயரோ, அதற்குப் பிறகும் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, நாள்தோறும் திருப்பலி கண்டு, ஊனமுற்றோருக்காகவே உழைத்து, தம் பழைய கருத்தை மாற்றாமலே இறந்தார். அவர் கருத்தில் தவறினார் என்று எண்ணுகிறேன். அவருடைய புனித வாழ்வையும் ஐயுறவில்லை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது என்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. ஜபெல்கா இறந்தது 1992 ஏப்ரலில். செஷயர் அதே ஆண்டு ஜூலை 31-இல்.

சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. தென்னாட்டின் பல கல்லறைகளிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் அங்கே துயில்கிறார்கள். விமானப் படையினரும் உண்டு. கற்களில் வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் இருபது, இருபத்தொன்று, இருபத்துமூன்று என்றே வரும். அவர்களுக்கு ஒரு கல்லேனும் இருக்கிறது.

கூட்டம் நடந்து இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு மறையுரையில், நான் இதுவரை சொன்ன செஷயர் கதை தவறு என்று மக்களிடம் அறிவித்தேன். பலருக்கு அக்கதையே நினைவில் இல்லை என்பதையும் அறிந்துகொண்டேன். திருப்பலிக்குப் பின் பாட்டி ஒருவர் முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து நீட்டினார். கல்லறைத் திருநாளுக்குப் பூசைக் கருத்து. "யாருக்கும்மா?" என்றேன்.

"மேல இருந்து போட்டவங்களுக்கும், கீழ செத்தவங்களுக்கும் சாமி. ரெண்டு பேருக்கும் ஒரே பூசை வெக்கலாமில்ல?"

பதிவேட்டில் ஒரு கருத்துக்கு ஒரே வரிதான் இடம். இரண்டையும் நெருக்கி எழுதிக்கொண்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.